நம் பெண்களைத் திடலிலிருந்து திருப்பி அழைக்காதீர்கள்

(மைசூரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில், இரயில்வே குமாஸ்தாவும் சங்கச் செயற்குழு உறுப்பினருமான தோழர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



இவன் மேடை ஏறினால் காவிரியைப் பற்றிப் பேசுவான், குடும்ப அட்டையைப் பற்றிப் பேசுவான், தமிழ் வகுப்புக்கு ஆள் பிடிப்பான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் கூடைப்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

காரணம் இதுதான். சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் கூடைப்பந்துப் பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்தத் தொகையை ஆண்டு விழாவுக்குத் திருப்பலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் கொண்டுவந்த தோழர்மீது எனக்கு வருத்தமில்லை. பதினான்கு பெண்கள் ஆடிய திடலில் இன்று ஐந்து பேர் நிற்கிறார்கள். ஐந்து பேருக்கு எதற்குச் செலவு என்று ஒரு பொருளாளர் கேட்பது நியாயம். ஆனால் மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியது சங்கத்தின் கடமையல்லவா? வீடு வீடாகப் போய் நான் கேட்டேன். அந்த ஒன்பதில் ஒருத்திகூட "எனக்கு ஆசை இல்லை" என்று சொல்லவில்லை. அப்பா வேண்டாம் என்றார், அண்ணன் திட்டினான், வயதுக்கு வந்துவிட்டேன், அந்தத் தெருப் பெண்களோடு சேராதே என்றார்கள். இவைதாம் எனக்குக் கிடைத்த பதில்கள். முடிவெடுக்குமுன் உங்களிடம் பேச அனுமதி கேட்டேன். தலைவர் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. இந்த ஆட்டத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் முப்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன், அவ்வளவுதான். பத்து வயதில் பிடித்த பைத்தியம். எங்கள் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு மரப்பலகை, பலகையில் வலையில்லாத ஒரு இரும்பு வளையம். பத்தடி உயரம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் கலாசி. அவர் சிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது நான் அந்த வளையத்தின் கீழேதான் இருப்பேன். பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் விழும்போது ஒரு சத்தம் வரும். வலை இல்லாததால் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். இன்றும் காலை டூட்டிக்கு முன்னால் பதினைந்தடிக் கோட்டில் நின்று ஐம்பது தடவை எறியாமல் எனக்கு நாள் தொடங்குவதில்லை. என் மனைவிக்கு இதில் உள்ள கோபம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாக்காரர். ஒன்பது வயதில் தாயையும் தந்தையையும் இழந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் கூலியாக வேலை செய்தவர். பிறகு மீண்டும் படிப்புக்குத் திரும்பி, அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகக் கூடத்துக்குள் ஆடும் ஒரு விளையாட்டைத் தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவன் கூடையில் பந்தைப் போட்டுவிட்டால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு பந்துதான் விழுந்தது என்கிறார்கள். ஏணிக்கு அதிக வேலை இருந்திருக்காது!

அந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ.க்காரர்களோடு கப்பலேறி உலகமெங்கும் போயிற்று. 1920ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் போன்றவர்களால் நம் நாட்டில் வேரூன்றியது. 1934ல் டில்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. பெரியகுளம் போன்ற ஊரில் கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, வயலிலிருந்து வந்தவர்களும் கடையடைத்து வந்தவர்களும் விளக்கொளியில் உட்கார்ந்து நடுவர் ஊதுவது சரியா தவறா என்று வாதாடுவார்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரந்த மைதானமும் மட்டையும் காலுறையும் இதற்குத் தேவையில்லை. ஒரு பந்து, ஒரு வளையம். ஏழைக்கு ஏற்ற ஆட்டம்.

ஆனால் ஏழைக்கு ஏற்ற ஆட்டம் என்பதால் ஏழையை எல்லோரும் ஆட விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நெய்ஸ்மித் பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1933ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே சேர்ந்தார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்டார். நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று வழிகாட்டினார். ஆனால் பல்கலைக்கழக அணியில் அவர் ஆட முடியாது, அணி வெள்ளையருக்கு மட்டும். எண்ணிப் பாருங்கள். கற்றுக்கொள்ளலாம், ஆடக்கூடாது.

மெக்லெண்டன் அழுதுகொண்டு உட்காரவில்லை. தெற்கே டர்ஹாம் நகரத்தில் கறுப்பினத்தாருக்கான கல்லூரியில் பயிற்சியாளரானார். வேகமாக ஓடி ஆடும் ஒரு முறையை உண்டாக்கினார். அவருடைய பையன்கள் யாரையும் வெல்லக்கூடியவர்கள். யாரோடு ஆடுவது? வெள்ளையரோடு ஆடுவது அந்த மாநிலத்தில் நடவாத காரியம். அது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிய ஒன்று சொல்கிறேன். 1944ல் அதே டர்ஹாமில், பேருந்தில் பின்னிருக்கைக்குப் போகத் தாமதித்தார் என்று ஒரு கறுப்புச் சிப்பாயை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நாட்டுக்காகச் சீருடை போட்டிருந்த சிப்பாய்! நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது.

அந்த ஊரில், அதே 1944ல், மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரார் மாதா கோயிலில் இருக்கும் நேரம். பக்கத்து டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் அணி, வெள்ளைக்கார இளைஞர்கள், தலையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு, சுற்று வழியில் காரோட்டி வந்து மெக்லெண்டனின் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் கிடையாது. விஷயம் தெரிந்த சில மாணவர்கள் மட்டும் வெளியே சன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்களாம். முதலில் இரு பக்கமும் கை நடுங்கியது. பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. மெக்லெண்டனின் பையன்கள் 88க்கு 44 என்று வென்றார்கள். இரண்டுக்கு ஒன்று!

வெற்றியைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்தது. தோற்றவர்கள் உடனே ஓடிவிடவில்லை. இரண்டு அணியையும் கலைத்து, கறுப்பரும் வெள்ளையரும் கலந்து இரண்டு அணியாகி, இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். ஊர் தெருவில் சேர்ந்து நடக்கவே அஞ்சிய காலத்தில், ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து வாங்கினார்கள். இந்தச் செய்தி பத்திரிகையில் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்து, 1996ல்தான் வெளி உலகுக்குத் தெரிந்தது. மெக்லெண்டன் பின்னாளில் 1957, 58, 59 என மூன்று ஆண்டு தொடர்ந்து தம் கல்லூரியைத் தேசிய வெற்றிக்குக் கொண்டு போனார். 1979ல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது.

தாய்மார்கள் கேட்கலாம், "இதெல்லாம் ஆம்பிளைக் கதை, எங்கள் பெண்ணுக்கு என்ன?" என்று. வருகிறேன், அம்மா.

ஆட்டம் பிறந்த அடுத்த ஆண்டே பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவரும் நம்மைப் போல் குடியேறிய குடும்பத்துப் பெண். லிதுவேனியாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். ஆனால் பெண்கள் அதிகம் ஓடினால் உடம்பு தாங்காது என்று அக்காலத்தார் நம்பினார்கள். ஆகவே ஆடுகளத்தில் கோடு போட்டு மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் நிற்கும் பெண் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. 1893ல் நடந்த அவர்களுடைய முதல் போட்டியைப் பார்க்க வெளி ஆண்களை அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலத்துப் பள்ளிகளில், பெண்கள் பாதிக் களத்தைத் தாண்டாமல் ஆடும் முறை 1993 வரை நடந்தது! ஒலிம்பிக்கில் ஆண்கள் 1936ல் ஆடத் தொடங்கினார்கள். பெண்களுக்கு 1976 வரை நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடு வெள்ளைக்காரன் நாட்டில் சுண்ணாம்பில் போட்டது. நம் வீட்டில் வாசற்படியில் போட்டிருக்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைப் பெண் அனிதா பால்துரை. 1985ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களிலேயே இளையவர். ஆசியப் போட்டிகளில் ஒன்பது தடவை நாட்டுக்காக ஆடியவர். 2021ல் பத்மஸ்ரீ விருது. இவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? நம் இரயில்வேயில், தென்னக இரயில்வேயில். 2003க்கு முன்னால் நம் மைசூர்க் கோட்டமும் தென்னக இரயில்வேயோடுதான் இருந்தது என்பதைப் பழைய தோழர்கள் அறிவார்கள். அந்த உறவில் அவரை நான் எங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்துக்கொள்வேன்.

கேரளத்திலிருந்து சென்னைக்கு வந்து அதே தென்னக இரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் என்ற பெண், ஆஸ்திரேலியாவில் தொழில்முறை ஆட்டம் ஆடி, 2011ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். அவரும் ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்தான்.

அனிதா கல்யாணம் செய்துகொண்டார், குழந்தை பெற்றார். நம் தெருவில் இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். பந்து பரணுக்குப் போய்விடும். அவர் மீண்டும் பயிற்சிக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூர்க் கண்டீரவா உள்ளரங்கத்தில் ஆசியப் பெண்கள் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. முப்பத்திரண்டு வயதுத் தாய் இந்திய அணிச் சட்டையில் களத்தில் நின்றார். இறுதி ஆட்டத்தில் கசக்ஸ்தானை 75க்கு 73 என்று வென்று நம் அணி முதற்பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டே புள்ளி!

நானும் நம் பெண்கள் நால்வரும், உடன் இரண்டு தாய்மார்களும், மைசூரிலிருந்து இரயிலேறிப் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். தோழர்களே, அப்போது எனக்கு வேறொன்று நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பத்து மாதம் முன்புதான், 2016 செப்டம்பரில், அதே பெங்களூரில் காவிரித் தண்ணீரின் பெயரால் தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தன. நம் வீடுகளில் பிள்ளைகளிடம், "வெளியில் தமிழில் பேசாதே" என்று சொல்லி அனுப்பினோம். இப்போது அதே ஊரின் அரங்கத்தில் தமிழ்நாட்டுப் பெண்களும் கர்நாடகத்துப் பெண்களும் மலையாளப் பெண்களும் ஒரே சட்டை போட்டு நிற்கிறார்கள். கூட்டம் கன்னடத்தில் கத்துகிறது. நாங்களும் கன்னடத்தில்தான் கத்தினோம். என் பக்கத்திலிருந்த பெரியவர் தொண்டை கட்டிப் போய், கடைசி நிமிடத்தில் என் தோளைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். நான் எந்த ஊர்க்காரன் என்று அவர் கேட்கவில்லை.

உடனே, விளையாட்டு வந்தால் வேற்றுமை ஓடிவிடும் என்று இவன் சொல்கிறான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஓடாது. எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன்.

1991 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயது. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். எங்களை எதிர்வீட்டுக் கன்னட அம்மா தன் சமையலறையில் நான்கு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் நான் வளையத்தின் அடிக்குப் போனேன். என்னோடு ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை.

பதினேழு வயதில் ஒரு அணித் தேர்வுக்குப் போனேன். நன்றாக ஆடினேன் என்று நானே சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் ஆடினேன். தேர்வாளர் என் பெயரைக் கேட்டார், பிறகு அப்பாவின் சொந்த ஊரைக் கேட்டார், தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பட்டியலில் என் பெயர் இல்லை. எந்த அணி, யார் அவர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். என் ஆட்டத் தோழன், கன்னடப் பையன், தேர்வானான். அவனுக்குப் புது ஷூ கிடைத்தது. பழையதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். எனக்கு இரண்டு விரல் பெரிது. முனையில் துணி அடைத்து மூன்று வருடம் அதில்தான் ஆடினேன். என்னைத் தள்ளியவரும் கன்னடர், எனக்கு ஷூ கொடுத்தவனும் கன்னடன். இதை நான் எந்த மேடையிலும் மறைத்துப் பேசியதில்லை.

பாகுபாடு எப்போதும் "நீ வராதே" என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு கேள்வியாக வரும், ஒரு படிவத்தின் கட்டமாக வரும், சில நேரம் ஆட்டத்தின் விதியாகவே வரும். 2014ல் சீனாவில் நடந்த ஆசியக் கோப்பையில், நம் அணியின் சீக்கிய வீரர்கள் அம்ரித்பால் சிங்கும் அம்ஜோத் சிங்கும் தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று சொல்லப்பட்டார்கள். தலையில் எதுவும் அணியக் கூடாது என்பது சர்வதேச விதி. அதே ஆண்டு தென்கொரியாவில் நடந்த ஆசிய விளையாட்டில், கத்தார் நாட்டுப் பெண்கள் முக்காட்டை எடுக்க மறுத்து, ஆடாமலேயே திரும்பிப் போனார்கள். அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதிர் என்ற முஸ்லிம் பெண், பள்ளி ஆட்டத்திலேயே மூவாயிரம் புள்ளிக்கு மேல் எடுத்தவர். கூடைப்பந்து பிறந்தது என்று சொன்னேனே, அதே ஸ்பிரிங்பீல்டுக்காரர். அவருக்கும் இந்த விதியால் வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டத்தின் கதவு அடைபட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 மே மாதம் சர்வதேச சம்மேளனம் விதியை மாற்றியது, அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல, தோழர்களே! மனிதன் எழுதியது. மனிதன் திருத்தினான்.

இதில் நான் கண்டது ஒன்று. ஆசை இருந்தால் மட்டும் ஒருவன் தடையைத் தாண்டிவிட முடியாது. மெக்லெண்டனுக்கு ஒரு கல்லூரியும் சம்பளமும் இருந்தன. அனிதாவுக்கு இரயில்வே வேலை இருந்தது. பயிற்சிக்கு நேரமும், மாதம் பிறந்தால் சம்பளமும் இல்லாமல் ஒரு பெண் பதினேழு பதினெட்டு ஆண்டு நாட்டுக்காக ஆட முடியுமா? பில்கிஸுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட மக்கள் இருந்தார்கள். ஆசை பிள்ளையுடையது. மற்றதைக் கொடுக்க வேண்டியது வீடும் சங்கமும்.

வேலை என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. பெண்களுக்கும் உண்டு. தேசியப் போட்டிகளில் இரயில்வேப் பெண்கள் அணி எத்தனையோ ஆண்டுகளாகக் கோப்பையை வென்று வருகிறது. ஆனால் அந்த வேலைக்கு, மாநில அணியில் ஆடியது போன்ற சான்றிதழ் வேண்டும். இங்கே வளரும் நம் பெண் எந்த மாநிலத்துக்கு ஆடுவாள்? கர்நாடகத்துக்குத்தான். அதனால்தான், தமிழ்ப் பெண்களுக்கென்று தனி அணி வைக்கலாம் என்று நம் இளைஞர் சிலர் சொன்னதை நான் எதிர்த்தேன். நமக்குள் நாமே ஆடி, நமக்கு நாமே கோப்பை கொடுத்துக்கொண்டால் யாரும் நம்மைத் தள்ளப் போவதில்லை, உண்மைதான். ஆனால் எடுக்கவும் போவதில்லை. பக்கத்துத் தெருக் கன்னடப் பெண்களையும் உருதுப் பெண்களையும் நம் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். நம் பெண்கள் மாவட்டத் தேர்வுக்குப் போகட்டும். அங்கே எவராவது அப்பாவின் ஊரைக் கேட்டால், அந்த இடத்தில் எழுத்தில் புகார் கொடுக்கச் சங்கத்தின் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். நான் போன அன்று எனக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை.

இன்னொன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். "அந்தத் தெருப் பெண்களோடு சேராதே" என்று ஒரு வீட்டில் சொன்னார்களே, எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணீர்க் குடத்தில் தனி டம்ளர் கொண்டுவரும் பெண்ணையும் நான் பார்த்தேன். அவளாகக் கொண்டுவரவில்லை, கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கர்நாடகத்துத் தார்வாரில் பிறந்தவர் பல்வாங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெரிய பந்து வீச்சாளர். 1911ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அதற்கு முன் பூனாவில் அவர் பந்து வீச்சால் அணி வெல்லும், ஆனால் அவருக்குத் தேநீர் மண்டபத்துக்கு வெளியே, மண் குவளையில்! அவரை ஒருநாளும் அணித் தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923ல் அந்தப் பதவி கிடைத்தது. நூறாண்டுக்கு முந்தைய மண் குவளைக்கும் நம் திடலில் வரும் தனி டம்ளருக்கும் என்ன வேறுபாடு? தமிழன் என்று நம்மைத் தள்ளினால் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். அந்தக் கொதிப்பு அடுத்த தெருவுக்குப் போகுமுன் ஆறிவிடுகிறதே, ஏன்?

மற்ற தடைகளுக்கு விரைவாகப் பதில் சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கால்சட்டை போட வேண்டுமே என்கிறீர்கள். நம் திடலில் உடைக்கு விதி எழுதுவது நாம்தான். சுடிதார் போட்டு ஆடட்டும், முழுக்காற்சட்டை போட்டு ஆடட்டும். போட்டி என்று வரும்போது அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் பேசி முடிவு செய்வார்கள். அண்ணன்மார் இதில் தலையிட வேண்டாம்.

இருட்டிவிடுகிறது என்றீர்கள். நியாயமான பேச்சு. மாலைப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டோம்.

வயதுக்கு வந்த பெண் ஓடக் கூடாது என்கிறீர்கள். ஓடக் கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் பாட்டிமார் எந்த வயதில் தோட்டத்திலும் கட்டடத்திலும் சுமை தூக்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூலிக்குத் தூக்கும்போது தாங்கிய உடம்பு, பந்துக்குத் துள்ளும்போது தாங்காதா?

கல்யாணச் சந்தையில் பெயர் கெடும் என்று ஒரு தோழர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் மகள்தான் நம் அணியில் இடது கையால் எறிகிறவள். எட்டாம் வகுப்பு. வலது பக்கம் தடுக்க நிற்பவர்களை ஏமாற்றி இடது பக்கம் புகுந்து போய்விடுவாள். முப்பது ஆண்டில் அப்படி ஒரு கையை இந்தக் குடியிருப்பில் நான் பார்த்ததில்லை. மூன்று வாரமாக அவள் வரவில்லை. தோழர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஓரத்தில் நின்று, மகள் ஆடுவதைப் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன். இதுவரை அவர் பார்த்ததே இல்லை.

இனி நடைமுறை. பயிற்சி ஞாயிறு காலை ஆறரை மணி முதல் எட்டு மணி வரை. ஒவ்வொரு வாரமும் இரண்டு தாய்மார்கள் முறைபோட்டுத் திடலில் இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வீட்டு அக்காவிடம் கொடுங்கள், நோட்டு அவர் கையில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் ஒன்று, டம்ளர் ஒன்று, எல்லோருக்கும் அதுதான். பன்னிரண்டு பெயர் சேர்ந்தால் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாக அதைக் கொண்டுவந்த தோழரே எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பந்து மூன்று நல்ல நிலையில் இருக்கிறது. சங்கத்துப் பம்பு மட்டும் பழுதாகிக் கிடக்கிறது. யார் வீட்டிலாவது ஊசி போட்ட பம்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டு வாருங்கள்.